காசில் பதிந்த முத்திரைக்குப் பொறுப்பாளி யார்?

தங்கம் வாங்குவோரில் நகையாக வாங்குவோர் ஒரு வகையினர்; காசாக வாங்குவோர் மற்றொரு வகையினர். திண்டுக்கல் நகரிலும், நிலக்கோட்டை, வத்தலக்குண்டு, வேடசந்தூர், நத்தம் என அதைச் சூழ்ந்துள்ள ஊர்களிலும் வாழும் நம் குடும்பங்களில் இரண்டாம் வகையினர் பலர் உண்டு. தோல் வியாபாரத்தில் வந்த இலாபமோ, வளைகுடா நாட்டிலிருந்து மகன் அனுப்பிய பணமோ கைக்கு வந்தவுடன், ஒரு பவுன் காசு வாங்கி மகளின் பெயரால் பெட்டியில் வைத்து, நம்மூர்ப் பூட்டையும் போட்டுவிட்டால் மனம் அமைதி அடைகிறது. தவறொன்றுமில்லை.

ஆனால் அந்தக் காசை ஒரு முறை திருப்பிப் பாருங்கள். அதில் அரசாங்க முத்திரை இருக்காது. கடையின் பெயர் இருக்கும், எடை இருக்கும், 916 என்றோ 999 என்றோ ஓர் எண் இருக்கும். நம் பாட்டனார் காலத்துப் பவுனில் அரசனின் தலை இருந்த இடத்தில் இன்று வியாபாரியின் பெயர் அமர்ந்திருக்கிறது. ஆயினும் நாம் அதைக் காசு என்றே அழைக்கிறோம். அது காசுதானா? தனி மனிதர் ஒருவர் காசு அடிக்கலாமா? உள்ளே தங்கம் முழுமையாக இருந்துவிட்டால் போதுமா, அல்லது அதற்கு மேலும் ஏதேனும் தேவையா? ஜகாத்திலும், மஹரிலும், பழைய நகையை மாற்றுவதிலும் இக்கேள்வி நம் வீட்டு வாசலுக்கே வந்து நிற்பதால், இதனைச் சற்று விரிவாகவே ஆராய வேண்டியுள்ளது.

முதலில் ஒரு செய்தியை நினைவிற் கொள்வோம். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் காலத்தில் அரபு நாட்டில் முஸ்லிம்கள் அடித்த தீனார் என்று ஒன்று இருக்கவில்லை. ரோமச் சக்கரவர்த்தியின் தங்கத் தீனாரும், பாரசீக அரசரின் வெள்ளித் திர்ஹமும்தான் புழக்கத்தில் இருந்தன. அவற்றில் மன்னர்களின் உருவமும், சிலுவையும், நெருப்புப் பீடமும் பொறிக்கப்பட்டிருந்தன. மக்கள் அவற்றை எடை பார்த்து வாங்கினார்கள், எடை பார்த்துக் கொடுத்தார்கள். கலீஃபா அப்துல் மலிக் இப்னு மர்வான் ஆட்சியில், ஹிஜ்ரி 77-இல் (கி.பி. 696-97) தான் உருவம் எதுவுமின்றி எழுத்து மட்டும் பொறித்த தீனார் வெளிவந்தது. அதன் எடை சுமார் 4.25 கிராம்.

அதற்கு முன்னர் உமர் (ரலி) அவர்கள், ஒட்டகத் தோலிலேயே காசு செய்துவிடலாமா என்று எண்ணியதாகவும், அப்படிச் செய்தால் நாட்டில் ஒட்டகமே மிஞ்சாது என்று கூறப்பட்டதும் அந்த எண்ணத்தைக் கைவிட்டதாகவும் பலாதுரீ தம் வரலாற்று நூலில் குறிப்பிடுகிறார். பேகம்பூர்த் தோல் மண்டிக்காரர்கள் இதைப் படித்தால் புன்னகைப்பார்கள்! ஆனால் இதில் ஆழ்ந்த பொருள் உண்டு. தங்கத்தைத் தவிர வேறு பொருளில் காசு கூடாது என்று உமர் (ரலி) அவர்கள் கருதவில்லை. எந்தப் பொருளைக் காசாக்கினாலும் அதனால் மக்களுக்கு விளையும் நன்மை தீமையையே அவர்கள் எண்ணிப் பார்த்தார்கள்.

அப்துல் மலிக் காலத்திலேயே தனியார் அடித்த காசு பற்றிய ஒரு வழக்கு எழுந்தது. சுமைர் என்ற யூதர் ஒருவர் தாமே திர்ஹம் அடித்து வெளியிட்டார். ஈராக்கின் ஆளுநர் ஹஜ்ஜாஜ் அவருக்கு மரண தண்டனை விதிக்க முற்பட்டார். "என் திர்ஹம் உங்களுடையதைவிடத் தரமானது, பின் எதற்காக என்னைக் கொல்கிறீர்கள்?" என்னும் பொருள்பட சுமைர் கேட்டாராம். அத்துடன் நில்லாமல், மக்கள் எளிதில் சரிபார்த்துக் கொள்ளும்படி எடைக்கற்களையும் செய்து கொடுத்தார் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதியுள்ளனர். அதுவரை ஒரு காசை மற்றொரு காசுடன் வைத்து நிறுப்பதே வழக்கமாக இருந்தது. ஹஜ்ஜாஜின் கொடுங்கோன்மை யாவரும் அறிந்ததே. அவருக்கு வக்காலத்து வாங்க நாம் வரவில்லை. ஆயினும் சுமைரின் கேள்வி இன்றும் உயிருடன் இருக்கிறது. தரமான வெள்ளியை, சரியான எடையில், மோசடி ஏதுமின்றி ஒருவர் காசாக அடித்துக் கொடுத்தால் அதில் யாருக்கு என்ன தீங்கு?

நம் இமாம்கள் இக்கேள்வியை எளிதாக ஒதுக்கிவிடவில்லை. அரசின் அனுமதியோடு, அக்கசாலையில்தான் காசு அடிக்கப்பட வேண்டும். மக்களுக்கு இதில் இடம் கொடுத்தால் பெரும் கேடுகளில் இறங்கிவிடுவார்கள் என்பது இமாம் அஹ்மத் இப்னு ஹன்பல் (ரஹ்) அவர்களின் கருத்து. ஷாஃபிஈ மத்ஹபின் பேரறிஞர் இமாம் நவவீ (ரஹ்) அவர்களோ, கலப்படமில்லாத சுத்தமான காசாக இருந்தாலும் குடிமக்கள் தாமே அடிப்பது மக்ரூஹ் என்கிறார்கள். அது ஆட்சித் தலைவரின் பொறுப்பு என்பதும், தனியார் கையில் மோசடிக்கு இடமுண்டு என்பதும் அவர்கள் கூறும் காரணங்கள். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஹராம் என்று அவர்கள் முடித்துவிடவில்லை. மக்ரூஹ் என்றார்கள். காசில் உள்ள தங்கத்தைவிட, அதைக் கையில் வாங்கும் ஏழையின் நிலையே அவர்கள் கண்முன் நின்றது என்று நாம் கருதுகிறோம்.

அந்த ஏழையின் நிலை என்ன என்பதற்கு அமெரிக்காவின் வரலாறு நல்ல சான்று. அந்நாட்டில் 19-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் தனியார் தங்கக் காசு அடிப்பதைத் தடுக்கும் சட்டம் இருக்கவில்லை. வட கரோலினாவில் ஜெர்மனியிலிருந்து குடியேறிய பெக்ட்லர் குடும்பத்தார் 1831 முதல் காசு அடித்தனர். எடை இவ்வளவு, காரட் இவ்வளவு என்று காசின் மீதே பொறித்தனர். மக்கள் அதை நம்பி வாங்கினர். 1848-இல் கலிபோர்னியாவில் தங்கவேட்டை தொடங்கிற்று. மண்ணைத் தோண்டினால் தங்கத்தூள் கிடைத்தது. ஆனால் சாமான் வாங்கக் காசு கிடைக்கவில்லை. அரசாங்கத்தின் அக்கசாலை சான்ஃபிரான்சிஸ்கோவில் 1854-இல் தான் திறக்கப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் தனியார் கம்பெனிகள் பல, காசு அடித்துத் தள்ளின. மொஃபட் கம்பெனியின் காசு நம்பிக்கைக்குரியதாய் இருந்தது. பால்ட்வின் கம்பெனியின் காசை 1851-இல் சோதித்தபோது, குறித்த மதிப்பைவிட நூற்றுக்கு ஏறத்தாழ மூன்று பங்கு தங்கம் குறைவாக இருப்பது வெளியாயிற்று. செய்தி பரவியதும் வங்கிக்காரர்கள் அதைப் பெருந்தள்ளுபடிக்கே ஏற்றனர். மூன்று பங்குக் குறைவுக்காக அதைப் போல் பன்மடங்கு நஷ்டப்பட்டவர் யார்? கம்பெனிக்காரர்கள் இலாபத்தை முன்பே எடுத்துக்கொண்டார்கள். அந்தச் சமயத்தில் கையில் காசு வைத்திருந்த சுரங்கத் தொழிலாளியும், மளிகைக் கடைக்காரனும்தான் நஷ்டத்தைச் சுமந்தார்கள். 1864-இல் அந்நாட்டுச் சட்டம் தனியார் காசுக்கு முற்றுப்புள்ளி வைத்தது.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில், கள்ளக்காசைப் புழக்கத்தில் விடுபவனைப் பற்றிக் கடுமையாக எழுதியிருப்பது இங்கே நினைவுக்கு வருகிறது. திருடியவனின் குற்றம் அந்த ஒரு திருட்டோடு முடிகிறது. கள்ளக்காசோ கைக்குக் கை மாறி, அதை விட்டவன் மண்ணுக்குள் சென்ற பின்னும் பலரை ஏமாற்றிக்கொண்டே இருக்கிறது; அந்தப் பாவமும் அவனைத் தொடர்கிறது என்பது அவர்கள் கருத்தின் சாரம்.

சரி, தங்கம் ஒரு குன்றிமணி அளவும் குறையாத கள்ளக்காசு இருக்க முடியுமா? இருந்தது! இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர், ஆங்கிலப் பவுனுக்கு அரபு நாடுகளிலும் மத்தியதரைக்கடல் பகுதியிலும் பெருங்கிராக்கி ஏற்பட்டது. பவுன் ஒன்று, அதிலுள்ள தங்கத்தின் விலையைவிட அதிகமாக விற்றது. அதைக் கண்டு இத்தாலியின் மிலான் நகரில் ஒருவர், ஆங்கில அரசரின் தலை பொறித்த பவுன்களைத் தாமே அடித்து விற்றார். தங்கத்தில் குறை வைக்கவில்லை. ஆகவே வாங்கியவர் எவருக்கும் எடையில் நஷ்டமில்லை. விஷயம் சுவிட்சர்லாந்து நீதிமன்றம் வரை சென்றது. பவுன் இப்போது எந்த நாட்டிலும் செலாவணியாக ஓடும் பணமல்ல. ஆகவே இது கள்ளப்பணக் குற்றமாகாது என்று 1952-இல் அந்நீதிமன்றம் கூறிவிட்டது. பிரிட்டிஷ் அரசாங்கம் விழித்துக்கொண்டு 1957 முதல் மீண்டும் பவுன்களை அடித்து வெளியிடலாயிற்று.

நீதிமன்றம் விடுவித்துவிட்டது. மார்க்கம் விடுவிக்குமா? நாம் விடுவிக்காது என்றே சொல்வோம். காசில் இரண்டு பொருள்கள் உள்ளன. ஒன்று உலோகம், மற்றொன்று சாட்சியம். 'இதில் இவ்வளவு தங்கம் உண்டு. இதற்கு நான் ஜாமீன்' என்று முத்திரை பேசுகிறது. மிலான் காசில் உலோகம் உண்மை, சாட்சியம் பொய். தன் சாட்சியத்தைப் பிறர் பெயரால் சொன்னான். பவுனின் தங்கத்திற்கு மேல் கிடைத்த அதிக விலை, அந்தப் பெயருக்காகக் கிடைத்ததல்லவா? அந்தப் பெயர் அவனுடையதல்லவே! பால்ட்வின் காசிலோ பெயர் உண்மை, உலோகம் பொய். சுமைர் இந்த இரண்டு வகையிலும் சேராதவர் என்பதால்தான் அவர் கேள்விக்கு விடை சொல்வது கடினமாக இருக்கிறது.

நம் தமிழகத்தின் பழைய கதையும் இதில் சுவையானதே. வராகன் என்றும், பணம் என்றும், காசு என்றும் நாம் சொல்லிவந்த நாணயங்களில் எத்தனை வகை! ஒவ்வோர் ஊர் வராகனுக்கும் ஒவ்வொரு மாற்று. அதனால்தான் உரைகல்லும் தராசும் வைத்திருந்த சராப்புகளுக்கு அக்காலத்தில் அத்தனை செல்வாக்கு. சென்னையில் நட்சத்திர வராகனை அடித்தது யார்? கிழக்கிந்தியக் கம்பெனி. பின்னாளில் அது நாட்டையே ஆண்டதால் நாம் மறந்துவிடுகிறோம். தொடக்கத்தில் அதுவும் ஒரு வியாபாரக் கூட்டம்தான். 42 பணம் ஒரு வராகன், 80 காசு ஒரு பணம் என்ற அந்தக் கணக்கு 1818-இல் முடிவுற்று, சென்னை மாகாணத்தில் வெள்ளி ரூபாய் நிலைபெற்றது. 100 வராகனுக்கு 350 ரூபாய் என்று மாற்றிக் கணக்கிட்டனர்.

1755-இல் திண்டுக்கல்லின் பௌஜ்தாராக வந்த ஹைதர் அலி, பிற்காலத்தில் மைசூரை ஆண்டபோது அடித்த வராகனைப் பார்த்தவர்கள் வியப்படைவார்கள். ஒரு புறம் சிவனும் பார்வதியும். மறுபுறம் தம் பெயரின் முதலெழுத்தான 'ஹே' மட்டும். முஸ்லிம் அரசர் ஏன் இப்படிச் செய்தார்? சந்தையில் மக்கள் பழகி நம்பிய முத்திரை அது. அதை மாற்றினால் காசு ஓடாது. முத்திரை என்பது அரசரின் பெருமைக்கல்ல, வாங்குவோரின் நம்பிக்கைக்கே என்று அவர் அறிந்திருந்தார். பேகம்பூரில் அவருடைய சகோதரி அடங்கியுள்ள பள்ளிவாசல் வளாகத்தைக் கடந்து செல்லும் நம்மவர்களில் எத்தனை பேர் இதை அறிவார்கள்?

ஆங்கிலேயர் 1889-இல் உலோக வில்லைச் சட்டம் என்று ஒன்றைக் கொண்டுவந்தனர். பணமாகப் பயன்படுத்தும் நோக்கத்தோடு தனியார் உலோக வில்லைகள் செய்வது அச்சட்டத்தால் தடுக்கப்பட்டது. 2011-ஆம் ஆண்டின் நாணயச் சட்டத்திலும் அத்தடை தொடர்கிறது. ஆகவே நம் நகைக்கடைக்காரர் அடிக்கும் காசு சட்டப்படி பணமல்ல, சரக்கு. 2015-இல் அரசாங்கமே அசோகச் சக்கரமும் காந்தியடிகள் உருவமும் பொறித்து வெளியிட்ட தங்கக் காசும்கூடக் கடையில் நீட்டிச் சாமான் வாங்கத்தக்க செலாவணி அல்ல என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

தீனாரை மீண்டும் பணமாக்க முயன்றோரும் உண்டு. 1992-இல் ஸ்பெயின் நாட்டின் கிரானடாவில் ஒரு ஜமாஅத்தார் தீனார் அடித்தனர். மலேசியாவின் கெலந்தான் மாநிலம் 2010-இல் தீனார் வெளியிட்டது; அது செல்லுபடியாகும் பணமல்ல என்று மத்திய அதிகாரிகள் அறிவித்துவிட்டனர். இந்தோனேசியாவில் தீனார், திர்ஹம் கொண்டு சந்தை நடத்திய ஒருவர் 2021-இல் கைதாகி, அதே ஆண்டில் நீதிமன்றத்தால் விடுவிக்கப்பட்டார். இவர்களின் ஆதங்கத்தை நாம் இழிவாகப் பேசமாட்டோம். காகிதப் பணத்தின் மதிப்பு ஆண்டுக்காண்டு தேய்வதை யார்தான் அறியார்? கூலிக்காரன் பத்தாண்டு சேமித்தது பாதியாகக் கரைவதும் அநீதிதான். ஆனால் தீனாரைக் கொண்டுதான் வியாபாரம் செய்ய வேண்டும் என்பதை மார்க்கக் கடமைபோல் பேசுவதை ஏற்பதற்கில்லை. நாயகம் (ஸல்) அவர்கள் ரோமரின் காசை ஏற்று வியாபாரத்திற்கு இடமளித்தார்கள். எடையிலும் தரத்திலும் ஏமாற்றுவதைத்தான் மார்க்கம் கடிந்தது.

இனி நம் வீட்டுப் பெட்டிக்கு வருவோம்.

கடைக்காசு தன் சொந்தப் பெயரோடு, சரியான தங்கத்தோடு இருக்குமானால் அதில் மோசடி இல்லை; வாங்குவதும் விற்பதும் ஆகும். ஆனால் அதன் சாட்சியம் எவ்வளவு தூரம் செல்லும் என்பதை அறிந்து வாங்க வேண்டும். அடித்த கடையின் வாசலைத் தாண்டினால், வேறு கடைக்காரர் அதை உரைத்துப் பார்ப்பார், உருக்கியும் பார்ப்பார். தங்கக் காசு விற்கும் வங்கிகளும் அதைத் திரும்ப வாங்குவதில்லை. ஓர் உதாரணம் சொல்வோம். 100 ரூபாய்த் தங்கம் உள்ள காசுக்கு அடிகூலி 4 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 3 சதவீத வரியும் சேர்ந்து 107 ரூபாய்க்கு மேல் ஆகிறது. மறுநாளே விற்கப் போனால் 97 அல்லது 98 கிடைக்கலாம். பத்து ரூபாய் எங்கே போயிற்று? கூலிக்கும் வரிக்கும் கடைக்காரரின் கழிவுக்கும் போயிற்று. தங்கம் விலை ஏறினால் இந்தப் பள்ளம் நிரம்பும், ஏறாவிட்டால் நிரம்பாது. 'காசு என்றால் சேதாரமில்லை' என்று கண்ணை மூடிக்கொண்டு வாங்குவோர் இதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

ஜகாத்தைப் பொறுத்தவரை கடைக்காசு, அரசுக் காசு என்ற வேறுபாடில்லை. முத்திரைக்கு ஜகாத் இல்லை, தங்கத்திற்கே ஜகாத். நம் பகுதியில் பெரும்பாலோர் ஹனஃபீ மத்ஹபினர். அம்மத்ஹபின்படி நகைக்கும் ஜகாத் உண்டு. ஷாஃபிஈ மத்ஹபில் பெண்கள் அணியும் ஆகுமான நகைக்கு விலக்கு உண்டு. பெட்டியில் கிடக்கும் காசு நகையல்லவே! இரு மத்ஹபிலும் அதற்கு விலக்கில்லை. இருபது மிஸ்கால், அதாவது நம் உலமாக்களின் கணக்குப்படி ஏழரைத் தோலா, 87.48 கிராம் என்பது நிஸாப். பவுனை 8 கிராமாகக் கொண்டால் ஏறத்தாழ பதினொரு பவுன். வெள்ளியும் ரொக்கமும் கூட இருந்தால் கணக்கு மாறும். அப்போது ஆலிமிடம் கேட்டுக்கொள்வதே நல்லது.

இதைவிட நுட்பமானது பழையதைக் கொடுத்துப் புதியதை வாங்குவது. அந்தக் காலத்துக் காசுமாலையைக் கொடுத்து, அதைவிட எடை குறைந்த புதுக் காசுகளை வாங்கி, வித்தியாசத்தைக் கூலிக்கும் சேதாரத்திற்கும் கழித்துக்கொள்வது கடைவீதியில் அன்றாடம் நடப்பது. தங்கத்திற்குத் தங்கம் மாற்றினால் எடைக்கு எடை சமமாகவும், கைக்குக் கை உடனடியாகவும் இருக்க வேண்டும் என்பது நாயகம் (ஸல்) அவர்களின் தெளிவான கட்டளை. கைபர் போர்க்காலத்தில் ஃபளாலா இப்னு உபைத் (ரலி) அவர்கள் தங்கமும் மணியும் கோத்த மாலை ஒன்றைப் பன்னிரண்டு தீனாருக்கு வாங்கினார்கள். பிரித்துப் பார்த்தபோது தங்கம் மட்டுமே பன்னிரண்டு தீனாருக்கு மேல் இருந்தது. அவ்வாறு பிரித்துப் பாராமல் விற்கலாகாது என்று நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். வேலைப்பாடும், கடைப்பெயரும், மெருகும் எடை வித்தியாசத்திற்கு நியாயமாகா. வழி மிக எளிது. பழைய மாலையை ரூபாய்க்கு விற்று, ரூபாயைக் கையில் வாங்கி எண்ணிக்கொண்டு, பிறகு அந்தக் கடையிலோ அடுத்த கடையிலோ புதுக் காசை ரூபாய் கொடுத்து வாங்க வேண்டியதுதான். கடைக்காரர் சிரிப்பார். 'எல்லாம் ஒன்றுதானே, பாய்!' என்பார். சிரித்துவிட்டுப் போகட்டும். கணக்கை ரூபாயில் தனித்தனியே பார்க்கும்போதுதான் பழைய தங்கத்திற்கு அவர் போட்ட விலையும், புதுக்காசுக்கு அவர் சேர்த்த கூலியும் நம் கண்ணுக்குத் தெரிகின்றன. மாதத் தவணை கட்டி முடிவில் காசு வாங்கும் நகைச்சீட்டைப் பற்றியும், கைக்குக் கை என்ற நிபந்தனையை முன்னிட்டு உலமாக்கள் எச்சரித்துள்ளனர். அது தனிக் கட்டுரைக்குரிய விஷயம்.

மஹருக்கு வருவோம். நம் நிக்காஹ் பதிவேடுகளில் 'ஐந்து பவுன் தங்கம்' என்று எழுதிவிடுகிறோம். எந்தப் பவுன்? ஆங்கிலப் பவுன் என்றால் எடை 7.988 கிராம், 22 காரட். அதில் சுத்தத் தங்கம் 7.32 கிராம். நம் கடைவீதியில் பவுன் என்றால் 8 கிராம். அது 916 ஆகவும் இருக்கலாம், 999 ஆகவும் இருக்கலாம். ஐந்து பவுனுக்கு இந்த வித்தியாசம் மூன்று கிராம் தங்கத்திற்கு மேல் வந்துவிடும். மணமகன் வீட்டார் நகைப் பட்டியல் கேட்கும்போது கிராமும் மில்லியும் பேசுகிறார்கள். அந்தக் கேட்பே ஆகாதது என்பது வேறு விஷயம். மனைவிக்கு உரிய ஹக்கை எழுதும்போது மட்டும் ஏன் இந்தத் தாராளம்? 'இருபத்திரண்டு காரட், நாற்பது கிராம்' என்று பதிவேட்டில் எழுதுவதற்கு ஒரு வரி மைதான் செலவு. கொடுக்கப்பட்ட காசு பின்னாளில் உரைத்துப் பார்க்கையில் குறைவாக இருந்தால், குறைந்த பகுதி கணவர் மீது கடனாகவே நிற்கும். கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று சொல்லி அவர் ஒதுங்க முடியாது. கடைக்காரரிடம் கேட்பது அவர் பாடு. ஆகவே மஹரைக் காசாகக் கொடுப்பவர், மஜ்லிஸுக்கு முன்பே வேறொரு கடையில் அதை நிறுத்து, மாற்றுப் பார்த்துக்கொள்வது நல்லது. வாங்கிய கடையின் சீட்டையும் காசோடு சேர்த்து மனைவியின் கையில் கொடுத்துவிட வேண்டும். பிற்காலத்தில் அவள் அதை விற்கப் போகும்போது கடைக்காரர் முதலில் கேட்பது அந்தச் சீட்டைத்தான்.